சுத்தமான சாப்பாட்டு ரூம்

இதை எனக்கு முதல்ல சொன்னது எங்க ரோஸ்லெட் மதினி. மூணு மாசம் முன்னால எங்க ஊர் கோயில் அசன விருந்தன்னைக்கு, பந்தியில என் பக்கத்து இலையில உக்காந்து சொன்னாங்க. மதினின்னா என் மூத்த அண்ணன் சம்சாரம். முப்பத்தோரு வருஷம் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அவங்க சொன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்.

"ஏளா லில்லி, ஒம் மவ படிப்பை முடிச்சிட்டாளாமே. எந்த ஆஸ்பத்திரியில சேக்கப் போற?"ன்னு கேட்டாங்க.

"ரெண்டு எடத்துல வரச் சொல்லியிருக்காங்க மதினி. எது நல்லதுன்னு ஆண்டவர்தான் காட்டணும்"னேன்.

"ஆண்டவர் காட்டுவாரு. நீயும் கொஞ்சம் கண்ணைத் தொறந்து வையி. வாசல்ல இருக்க பூந்தொட்டியைப் பாக்காத. டாக்டர் ரூம்ல ஏசி ஓடுதான்னு பாக்காத. மத்தியானம் ஒரு மணிக்கு நேரா நர்சுங்க சோறு திங்கிற எடத்துக்குப் போ. அதைப் பாத்தா மொத்த ஆஸ்பத்திரியும் தெரிஞ்சிரும். மொத வேலைளா. அதுல ஒடிஞ்சிட்டான்னா அந்தப் பிள்ளை பெறவு ஊசியையே தொட மாட்டா."

அதுக்குள்ள கறி வாளி வந்துட்டு. மதினிக்குக் கறின்னா உயிரு. அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. நானும் மேல கேக்கலை. சாப்பாட்டு ரூம் எப்படி இருக்கணும்னு ஒரு பொம்பளைக்கு விளக்கவா வேணும்?

நீங்க நாலு மணிக்குத்தானே உள்ள போகணும் தங்கச்சி? இன்னும் அரை மணி நேரம் இருக்கு. இந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ஒரு நிமிஷம் முன்னால விட மாட்டான். மாமியாருக்குப் பித்தப்பையில கல்லுன்னீங்க. பயப்படாதீங்க, நான் ஜெபத்துல வச்சிக்கிறேன். மக உள்ள நர்ஸா இருக்கும்போது நீங்க ஏன் அக்கா வெளியில உக்காந்திருக்கீங்கன்னு கேட்டீங்கள்ல, அதைத்தான் சொல்ல வர்றேன்.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் ஆல்வின், ஓசூர்ல கம்பெனி வேலை. சின்னவ பெனிட்டா. நாலு வருஷம் நர்சிங் படிச்சா. படிப்பெல்லாம் சரிதான், ஆனா கத்தரிக்காய் வாங்க அனுப்பினா சொத்தையா பொறுக்கிட்டு வருவா. அவளா ஒரு ஆஸ்பத்திரியைப் பார்த்து எடுப்பா? அதனால நானே போய்ப் பார்க்கிறதுன்னு தீர்மானம் பண்ணினேன். அவகிட்ட சொல்லலை. சொன்னா, "அம்மா, அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்"ம்பா. பிள்ளைங்க அப்படித்தான் சொல்லும்.

பெனி அப்பாகிட்ட மட்டும் சொன்னேன். அவங்க பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காமலே, "என்ன நோயின்னு சொல்லி உள்ள போவ?"ன்னு கேட்டாங்க.

"நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு மூட்டு வலி இருக்குல்ல, ஏழு வருஷமா."

"அதை மொத ஆஸ்பத்திரியிலயே குணமாக்கிட்டாங்கன்னா?"

"மூட்டு ரெண்டு இருக்கு"ன்னேன்.

அப்படித்தான் வலது மூட்டோட ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். டவுன்ல ஒரு கண்ணாடிக் கட்டடம் இருக்கு. பேரு வேண்டாம். ஒருத்தரைப் பத்தி நல்லது சொல்லும்போதுகூட பேரைச் சொல்லாம சொல்றது எனக்குப் பழக்கம். டோக்கன் போட்டேன். எழுபத்தி நாலாவது நம்பர். அது வர்றதுக்குள்ள ஆஸ்பத்திரியைச் சுத்திப் பார்த்துரலாம்னு எந்திரிச்சேன். யாராவது கேட்டா "பாத்ரூம் எங்கம்மா?"ன்னேன். பாத்ரூம் தேடுற பொம்பளையை உலகத்துல எந்த வாட்ச்மேனும் தடுக்க மாட்டான். அது பொய்யும் இல்லை. என் வயசுல எப்பவுமே ஒரு பாத்ரூம் எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருக்கணும்.

தங்கச்சி, அந்த ஒழுங்கைச் சொல்லி முடியாது. வார்டுக்குள்ள ஒரு நர்ஸ் பிள்ளை வாயைத் திறக்கலை. ஒருத்தி சிரிக்கலை. அவ்வளவு கவனம். சூப்பிரண்டு மேடம் வந்தாங்க. அவங்க செருப்புச் சத்தம் கேட்டதுமே எல்லாப் பிள்ளைங்களும் கையில இருந்ததை அப்படியே வச்சிட்டு செவுத்தோட ஒட்டி நின்னுச்சு. ஒரு பெரியவர் தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தாரு. மேடம் தாண்டிப் போன பிறகுதான் அவருக்குத் தண்ணியே. அந்த மரியாதை! எங்க கோயிலுக்கு பிஷப் வந்தாக்கூட பாதிப் பேரு உக்காந்துதான் இருப்பாங்க.

எல்லாம் சின்னப் பிள்ளைங்க. நரைச்ச தலை ஒண்ணு கண்ணுல படலை. ஒருத்திகிட்ட, "எத்தனை வருஷமா இருக்கீங்கம்மா?"ன்னு கேட்டேன்.

"அஞ்சு மாசம் ஆன்ட்டி. இந்த வார்டுல நான்தான் சீனியர்"ன்னா.

அஞ்சு மாசத்துல சீனியர்! வேற எந்த இடத்துல இவ்வளவு சீக்கிரம் முன்னுக்கு வர முடியும், சொல்லுங்க.

அப்புறம் மதினி சொன்ன இடம். மூணாவது மாடி. ஒரு மணி தாண்டி இருபது நிமிஷம். உள்ள எட்டிப் பார்த்தேன். தரை மின்னுது. மேசையில ஒரு பருக்கை இல்லை. நாற்காலியெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இருக்கு. கை கழுவுற தொட்டி காய்ஞ்சு கிடக்கு, பொட்டு ஈரமில்லை. செவுத்தோரமா முப்பது டிபன் பாக்ஸ் வரிசையா மூடினது மூடினபடி. எனக்கு நம்ப முடியலை. மூணு மணிக்கு மறுபடியும் ஏறிப் போய்ப் பார்த்தேன். அப்பவும் அதே மாதிரி. ஒரு பாக்ஸ் கூட அசையலை. என் அடுப்படியை இருபத்தெட்டு வருஷமா துடைக்கிறேன், ஒரு நாள் அப்படி வச்சிருக்க முடிஞ்சதில்லை. மதினி இதைத்தான் சொன்னாங்கன்னு மனசு குளுந்து போச்சு.

இறங்கி வரும்போது படிக்கட்டு முடுக்குல ஒரு நர்ஸ் பிள்ளை முகத்தைப் பொத்திக்கிட்டு குனிஞ்சு உக்காந்திருந்தா. தோளு குலுங்குது. உருகி ஜெபிக்கிறவங்களுக்கு அப்படிக் குலுங்கும், நான் எத்தனையோ கூட்டத்துல பார்த்திருக்கேன். நானும் பக்கத்துப் படியில உக்காந்து கண்ணை மூடினேன். முடிச்சிட்டு "ஆமென்"னேன். அந்தப் பிள்ளை தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சா. கண்ணெல்லாம் செவந்து கிடக்கு.

"ஆன்ட்டி, மேடம்கிட்ட சொல்லிராதீங்க."

ஜெபிக்கிறதைக் கூட வெளியில காட்டிக்கக் கூடாதுன்னு நினைக்கிற அடக்கம் பாருங்க.

"நான் ஏன் தங்கம் சொல்லப் போறேன்? மனசுல என்ன பாரம்?"ன்னேன்.

"பதினெட்டு பேஷன்ட் ஆன்ட்டி. நான் ஒருத்தி."

பதினெட்டு பேருக்காகவும் பேர் பேரா வேண்டிக்கிறா போலன்னு எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

கீழ ஆபீஸ்ல விமல்ராஜ்னு ஒரு தம்பி. டை கட்டி, சென்ட் போட்டு, பேச்சு அப்படியே பாகு. "எங்க மக நர்ஸ். வேலைக்கு வரச் சொல்லியிருக்கீங்க"ன்னு சொன்னதும் நாற்காலி போட்டாரு.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். புதுப் பிள்ளை, கை நடுங்கி ஏதாவது தப்புப் பண்ணிட்டா என்ன செய்வீங்க?"

"எங்க ஆஸ்பத்திரியில தப்பே நடக்காதும்மா. நடந்தா அந்த ஸ்டாஃப் மறுநாள் இங்க இருக்க மாட்டாங்க."

அப்பாடான்னு இருந்துச்சு. அதோட இன்னொண்ணும் சொன்னாரு. "உங்க பொண்ணோட ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுத்துட்டீங்கன்னா இடம் உறுதி. ரெண்டு வருஷத்துக்கு எங்க இரும்புப் பீரோவுல பத்திரமா இருக்கும்."

எங்க வீட்டுப் பீரோவுல அந்துருண்டை போட்டும் பூச்சி வருது. இவங்க கேக்காமலே பாதுகாக்கிறேங்கிறாங்க.

இருந்தாலும் ஒரு பக்கமா முடிவு பண்ணக் கூடாதுல்ல. நியாயம்னு ஒண்ணு இருக்கு. வியாழக்கிழமை இடது மூட்டோட இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இந்தா, நம்ம முன்னால நிக்குதே, இதேதான். உங்க மாமியார் உள்ள இருக்கும்போது இதைச் சொல்லக் கூடாது. ஆனா நடந்ததை நடந்தபடிதானே சொல்லணும்.

பெயிண்ட் உரிஞ்சு கிடக்கிறதை விடுங்க. வார்டுக்குள்ள நுழைஞ்சா, ஒரு நர்ஸ் பிள்ளை டாக்டர் முன்னால சீட்டை நீட்டி, "சார், இந்த டோஸ் கூடுதலா இருக்க மாதிரி தோணுது, ஒரு தடவை பாருங்களேன்"ங்கிறா. டாக்டர்கிட்ட! அந்த மனுஷனாவது ஒரு அதட்டு அதட்ட வேண்டாமா? கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு, "ஆமா சிஸ்டர், நல்லவேளை"ன்னு அடிச்சு எழுதிக் குடுக்கிறாரு. எனக்கு வெக்கமாப் போச்சு.

அந்தாண்ட ஒரு புதுப் பிள்ளை, டிரிப்ஸ் மெஷினை எப்படிப் போடணும்னு கேட்டா. மூத்த சிஸ்டர் ஒருத்தங்க, தலை பாதி நரைச்சவங்க, செஞ்சு காட்டினாங்க. அஞ்சு நிமிஷத்துல மறுபடியும் கேட்டா. மறுபடியும் காட்டினாங்க. மூணாவது தடவையும் கேட்டா தங்கச்சி! அவங்களும் முகம் சுளிக்காம, "நீ போடு, நான் பாத்துக்கிட்டு நிக்கேன்"ன்னு பக்கத்துல நிக்கிறாங்க. ஒரு தடவை சொன்னா புரியாத பிள்ளைங்களையெல்லாம் வேலைக்கு வச்சிருக்காங்களேன்னு நினைச்சேன்.

இன்னொரு கூத்து. நர்சுங்க மேசை ஓரமா ஒரு நோட்டு கயிறு கட்டித் தொங்குது. நான் யார் எழுதினதையும் பார்க்கிறவ இல்லை. திறந்து கிடந்துச்சு, கண்ணு போச்சு. 'இன்று பத்து மணி மாத்திரையைப் பன்னிரண்டு மணிக்குக் கொடுத்தேன். ஒரே பேரில் இரண்டு பேர் இருந்ததால் குழம்பிவிட்டேன். இனிமேல் கட்டில் நம்பரும் பார்ப்போம்.' கீழ கையெழுத்து. அதுக்குக் கீழ வேற கையெழுத்துல, 'எனக்கும் போன மாதம் இப்படி ஆனது.' தன் தப்பைத் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தொங்க விட்டிருக்காங்க! நோட்டுப் போட்டு எழுதுற அளவுக்கா தப்பு நடக்கும்?

சாப்பாட்டு ரூமைக் கேக்கவே வேண்டாம். கீழ மாடிப்படிக்குப் பின்னால. ஒரு மணிக்கு உள்ள ஒரே கூச்சல். ஒருத்தி நாற்காலி மேல காலைத் தூக்கிப் போட்டிருக்கா. ஒருத்தி டாக்டர் மாதிரி நடந்து காட்டுறா, நாலு பேரு விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. மேசையெல்லாம் மீன் முள்ளு. அந்த நரைச்ச சிஸ்டர், புதுப் பிள்ளையோட டிபன் பாக்ஸ்ல கையை விட்டு வறுத்த மீனை எடுத்துத் தின்னுட்டு, "ஒங்க அம்மைக்கு நல்ல கை. ஒனக்கு எங்கேருந்து இந்த டிரிப்ஸ் போடுற கை வந்துச்சோ"ங்கிறாங்க. அந்தப் பிள்ளையும் கூடச் சிரிக்கிறா.

கதவோரம் நின்ன என்னை அவங்க பார்த்துட்டாங்க. "யாரும்மா? என்ன வேணும்?"

"பாத்ரூம் தேடி வந்தேன்"ன்னேன்.

"என்ன வைத்தியத்துக்கு வந்திருக்கீங்க?"

"மூட்டு வலி."

"மூட்டு வலியோட ரெண்டு மாடி ஏறி எறங்கி, மூணு வார்டு சுத்தி, எங்க நோட்டையும் வாசிச்சிட்டு, இப்ப சோத்து ரூமுக்கு வந்தாச்சா? இந்த மூட்டை எனக்குக் குடுங்கம்மா, என் மூட்டை வச்சிக்கங்க"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க பேரு மங்களம் சிஸ்டர். இருபத்திரண்டு வருஷமா இதே ஆஸ்பத்திரியாம். வேற எங்கயும் வேலை கிடைக்கலை போல, பாவம்னு நினைச்சேன். என்னைக் கையைப் பிடிச்சு உக்கார வச்சு ஒரு தட்டு சோறு போட்டாங்க. மீன் குழம்பு நல்லா இருந்துச்சு, அதை மறைக்கக் கூடாது.

சாப்பிடும்போது சிஸ்டர் சொன்னாங்க, "இப்ப எல்லாரும் வேவு பாக்கத்தான் வாறாங்க. போன வாரம் ஒரு பிள்ளை, இன்னும் வேலையிலயே சேரலை, காலையில வந்து நாலு மணி நேரம் உக்காந்துட்டா. ஒரு தாள் நெறையக் கேள்வி. ஒரு நர்சுக்கு எத்தனை பேஷன்ட்? மொத மாசம் கூட யாரு நிப்பா? தப்புப் பண்ணினா என்ன செய்வீங்க? கடைசியா வேலையை விட்டது யாரு, ஏன் விட்டாங்க, அவங்க போன் நம்பர் கிடைக்குமா? எங்களையே இன்டர்வியூ எடுத்துட்டுப் போயிட்டா!"

"அடக்கமில்லாத பிள்ளை. எந்தத் தாய் வளத்தாளோ"ன்னேன்.

"நல்லாத்தான் வளத்திருக்கா"ன்னு சொல்லிட்டு சிஸ்டர் இன்னொரு கரண்டி குழம்பு ஊத்தினாங்க.

அன்னைக்கு ராத்திரி ஜெபம் பண்ணினேன். மனசுல ஒரு சந்தேகமும் இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, பெனி சிநேகிதி வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, பீரோவுல இருந்து அவ பைலை எடுத்தேன். பத்தாவது மார்க் ஷீட்ல இருந்து நர்சிங் கவுன்சில் பதிவு வரைக்கும் பதினோரு தாள், எல்லாம் ஒரிஜினல். நேரா கண்ணாடி ஆஸ்பத்திரி. விமல்ராஜ் தம்பி ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு.

சாயங்காலம் பெனி வந்தா. முகமெல்லாம் சந்தோஷம். "அம்மா, ஒண்ணு சொல்லணும்"ன்னுக்கிட்டே பீரோவைத் திறந்தா.

"நான் ஒண்ணு சொல்லணும்"னேன்.

"அம்மா, என் பைல் எங்க?"

சொன்னேன். பிறந்த நாளுக்குப் புதுத் துணி எடுத்துக் குடுக்கிற மாதிரி சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவ கத்தலை. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். பீரோவுல சாஞ்சு அப்படியே தரையில உக்காந்துட்டா.

"எங்க சீனியர் ஜெனிஃபா அக்கா அங்கதான்மா சேந்தாங்க. முடியாம விலகி ஒம்பது மாசம் ஆச்சு. இன்னும் சர்டிபிகேட்டைத் தரலை. அது இல்லாம எந்த ஆஸ்பத்திரியிலயும் எடுக்க மாட்டாங்க. நர்ஸு படிச்சிட்டு ஜவுளிக்கடையில சேலை மடிக்கிறாங்க." அப்புறம், "திங்கக்கிழமை இன்னொரு ஆஸ்பத்திரியில என்னைச் சேர வரச் சொல்லிட்டாங்க. ஒரிஜினலைக் காட்டிட்டுக் கையோட வாங்கிட்டு வந்துரலாம். நான் ரெண்டு எடத்துக்கும் போயி நாலு மணி நேரம் உக்காந்து பாத்துட்டுத்தான்மா முடிவு பண்ணினேன். கேள்வியெல்லாம் எழுதி எடுத்துட்டுப் போனேன்."

அந்தத் தாய் யாருன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அதை நான் பெனிகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லலை.

அவ விமல்ராஜ் தம்பிக்குப் போன் பண்ணினா. "ரூல்ஸ் மேடம். ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு வாங்கிக்கங்க"ன்னு வச்சிட்டாராம். பெனி அப்பா வக்கீலைப் பார்க்கலாம்னாங்க. வக்கீலைப் பார்த்து, கேஸ் போட்டு, திங்கக்கிழமைக்குள்ள வருமா? பிள்ளை சாப்பிடாமப் படுத்துட்டா. அவ ஒடிஞ்சிருவாளோன்னு நானே பயந்து நானே ஒடிச்சிட்டேனேன்னு முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணினேன். ஏழு வருஷத்து மூட்டு வலியோட ஒரு மணி நேரம் நின்னேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு, யார்கிட்டயும் சொல்லாமக் கண்ணாடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன். பார்த்தா, அன்னைக்கு அங்க புது நர்சுங்களுக்கு நேர்முகத் தேர்வு. மாசா மாசம் உண்டாம். நாற்பது பிள்ளைங்க, ஆளுக்கு ஒரு பைல், கூடவே அம்மா, அத்தை, சித்தி. விமல்ராஜ் தம்பி என்னைப் பார்த்ததும், "ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கம்மா"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

நான் சண்டை போடலை. எனக்குச் சண்டை போட வராது. ஒரு ஓரமா உக்காந்தேன். பக்கத்துல இருந்த அம்மா, வள்ளியூர்க்காரங்க, கேட்டாங்க: "உங்க பிள்ளையும் இங்கதானா? எப்படி ஆஸ்பத்திரி?"

நல்லதை ஏன் மறைக்கணும்?

"ரொம்ப நல்ல ஆஸ்பத்திரி. அவ்வளவு சுத்தம்"னேன். "நர்சுங்க சாப்பாட்டு ரூமைப் போய்ப் பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம். மத்தியானம் ஒரு மணிக்கும் ஒரு டிபன் பாக்ஸ் திறக்கலை, மூணு மணிக்கும் திறக்கலை."

"பெறவு எப்பச் சாப்பிடுவாங்க?"

"அது தெரியலை. வேலையில அவ்வளவு ஈடுபாடு."

இந்தப் பக்கம் ரெண்டு அம்மா திரும்பினாங்க. நான் என் பாட்டுக்குச் சொன்னேன். ஒழுக்கம் அப்படி, ஒரு பிள்ளை சிரிக்காது. மேடம் வந்தா செவுத்தோட ஒட்டி நிக்கும். சீக்கிரம் முன்னுக்கு வரலாம், அஞ்சு மாசத்துல சீனியர், ஏன்னா அதுக்கு மேல யாருமே இல்லை. ஒருத்திக்கே பதினெட்டு பேஷன்டை நம்பிக் குடுக்கிறாங்க. பக்தியும் உண்டு, படிக்கட்டுல ஒளிஞ்சு உக்காந்து கண்ணீரோட ஜெபிக்கிறாங்க.

"சர்டிபிகேட்டு?"ன்னு ஒரு சித்தி கேட்டா.

"அதுல பயமே வேண்டாம். உள்ள வாங்கி வச்சா லேசுல வெளிய விட மாட்டாங்க. ஒரு பிள்ளை விலகி ஒம்பது மாசம் ஆச்சு, அவளுது இன்னும் பத்திரமா உள்ளதான் இருக்கு. என் மக இன்னும் சேரவே இல்லை, அவளுதும் இப்பவே பத்திரமா இருக்கு."

வள்ளியூர் அம்மா மக கையில இருந்த பைலைப் புடுங்கி முந்தானைக்குள்ள வச்சிக்கிட்டாங்க. "எந்திரிளா"ன்னாங்க. அப்படியே ஒண்ணு ஒண்ணா எந்திரிச்சாங்க. எனக்கு ஏன்னே புரியலை. நான் ஒரு குறை சொன்னேனா, நீங்களே சொல்லுங்க.

பத்தரை மணிக்குப் பாதி நாற்காலி காலி. ஒரு அத்தை ஆபீஸ் கதவைத் தட்டி, "ஒரிஜினலைத் திருப்பித் தருவீங்களா மாட்டீங்களா, எழுதிக் குடுங்க"ன்னு நிக்கிறா. விமல்ராஜ் தம்பி ஓடி வந்தாரு. டை முதுகுப் பக்கம் போய்க் கிடக்கு.

"அம்மா! எல்லார்கிட்டயும் என்ன சொல்லிக்கிட்டு இருக்கீங்க?"

"நல்லதைத்தான் தம்பி. வேணும்னா முதல்ல இருந்து சொல்லட்டுமா?"

"வேண்டாம்!" உள்ள போனாரு. நாலே நிமிஷம். பைலோட வந்தாரு. "கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்கம்மா. தயவுசெஞ்சு போங்க."

பதினோரு தாளையும் எண்ணிப் பார்த்தேன். சரியா இருந்துச்சு. "தம்பி, ஜெனிஃபான்னு ஒரு பிள்ளை..."ன்னு ஆரம்பிச்சேன்.

"அது அவங்க நேர்ல வந்துதான் வாங்கணும்."

"அதுக்கென்ன, வரட்டும். வர்ற வரைக்கும் நான் இவங்களோட பேசிக்கிட்டு இருக்கேன். எனக்கு வீட்டுல ஒரு அவசரமும் இல்லை."

அந்தத் தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தாரு. அப்புறம் அவரே ஜெனிஃபாவுக்குப் போன் போட்டாரு. பிள்ளை கடையில இருந்து ஆட்டோ பிடிச்சு ஓடி வந்தா, தோள்ல அளவு டேப்பு தொங்குது, அதைக் கழட்டக்கூட நேரமில்லை. போகும்போது அந்தத் தம்பிக்காக ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறேன்னேன். "நான் வீட்டுல பண்ணிக்கிறேன்மா"ன்னு கும்பிட்டாரு. நல்ல பிள்ளை.

திங்கக்கிழமை பெனி இங்க சேர்ந்தா. நானும் கூட வந்தேன். பைலைக் காட்டினோம், பார்த்துட்டு அங்கயே திருப்பித் தந்துட்டாங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சு திரும்பும்போது வராந்தாவுல ஒரு சத்தம்: "ஏ, மூட்டு வலி அம்மா! இந்தப் பிள்ளையா ஒங்க மவ?" மங்களம் சிஸ்டர்! ரெண்டு மாடி ஏறினது, நோட்டை வாசிச்சது, மீன் குழம்பு ரெண்டாம் தடவை வாங்கினது வரைக்கும் பெனி முன்னால சொல்லிட்டாங்க. பெனிக்கு முகம் செவந்துட்டு. என்னை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து, "அம்மா, நான் சொல்ற வரைக்கும் இந்தக் கேட்டைத் தாண்டி நீ உள்ள வரக் கூடாது"ன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. ரெண்டு மாசம் ஆச்சு. சத்தியம்னா சத்தியம். நான் தாண்டலை. கேட்டுக்கு வெளிய பெஞ்சு போட்டது நானா? போன் பேசக் கூடாதுன்னும் அவ சொல்லலை. மங்களம் சிஸ்டரும் நானும் தினம் ஒரு வார்த்தை பேசிக்கிறோம்.

நேத்து சிஸ்டர்தான் சொன்னாங்க. பெனி பார்த்துக்கிட்ட ஒரு பெரியவர், பெனியை 'பேத்தி'ன்னு கூப்பிடுவாராம், காலையில அவ கையைப் பிடிச்சிருக்கும்போதே போயிட்டாராம். அவளுக்கு இதுதான் முதல் சாவு. சிஸ்டர் அவகூடவே இருந்து, பெரியவரைத் துடைச்சு, துணி மாத்தி, வீட்டுக்காரங்ககிட்ட ஒப்படைச்சிட்டு, டியூட்டி முடிஞ்சதும் பெனி தங்கியிருக்க ஹாஸ்டல் வரைக்கும் கூட நடந்து போயிருக்காங்க. "இன்னைக்கு அழுவட்டும் அம்மா, அழத்தான் செய்யணும். நாளைக்கு வருவா"ன்னாங்க.

ராத்திரி பெனி போன் பண்ணினா. "நல்லா இருக்கேம்மா"ன்னா. ஒரு வார்த்தை அதைப் பத்திச் சொல்லலை. நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கலை. இன்னைக்கு சிஸ்டருக்கு லீவு. யார்கிட்ட கேக்க? வீட்டுல இருப்புக்கொள்ளலை, பஸ் ஏறிட்டேன்.

இந்தா, வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிறான். போங்க தங்கச்சி, மாமியார் காத்துக்கிட்டு இருப்பாங்க. பேரை மட்டும் சொல்லிட்டுப் போங்க, ஜெபத்துக்கு. அப்புறம்... ரெண்டாவது மாடி, ஆண்கள் வார்டு, ஒல்லியா, மாநிறமா, நெத்தியில ஒரு தழும்பு இருக்கும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். அவ இன்னைக்கு வேலைக்கு வந்திருக்காளான்னு மட்டும் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.